பொறுமை எது, அச்சம் எது?

சென்ற வைகாசிப் பௌர்ணமிக் கூட்டம் முடிவுற்று, அன்பர்கள் ஒவ்வொருவராய்க் கலைந்துகொண்டிருந்த வேளையில், இளைஞர் ஒருவர் மட்டும் பாய்களைச் சுருட்டி வைப்பதுபோலக் காலந் தாழ்த்தி நின்றார். அவர் மும்பையில் விமானச் சரக்குக் கிடங்கு ஒன்றில் ஒப்பந்தக்காரரின் கீழ்ப் பணிபுரிபவர், வயது 24. நம் கூட்டங்களுக்குத் தவறாது வருபவர். ஆனால் வாய் திறந்து பேசுபவரல்லர். அன்று பேசினார்.

"ஐயா, நான் பகவன் புத்தருக்கும் பிள்ளை, பாபாசாகேப் அம்பேத்கருக்கும் பிள்ளை. என் மேற்பார்வையாளர் நாள்தோறும் என்னை இழிவாகப் பேசுகிறார். புத்தர் பொறு என்கிறார். பாபாசாகேப் எதிர்த்து நில் என்கிறார். எந்தத் தகப்பன் சொல்லை நான் கேட்பது?"

அவருக்கு நேர்ந்தது இதுதான். கடந்த அக்டோபர் மாதத்தில், 14-ஆம் தேதி நாகபுரி தீட்சாபூமிக்குச் சென்றுவர இரண்டு நாள் விடுப்புக் கேட்டிருக்கிறார். 1956-ஆம் ஆண்டு அதே தேதியில் பாபாசாகேப் பல இலட்சம் மக்களோடு தம்மம் தழுவிய இடம் அது என்பதை நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேற்பார்வையாளர் விடுப்பைக் கொடுத்தார்; ஆனால் "அங்கே போகிறவர்கள் எந்த ஜனங்கள்?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்று முதல் பெயர் சொல்லி அழைப்பது நின்றது. எட்டுப் பேர் கொண்ட குழுவில் கழிப்பறை கழுவும் முறை இவருக்கு மட்டுமே வந்தது. பெட்டி ஒன்று உடைந்தால் உடைத்தவர் எவராயினும் ஏச்சு இவருக்கு.

அந்த வினாவுக்கு நான் உடனே விடை கூறவில்லை. கூறுவது எளிதாகத்தான் இருந்தது. பிரசங்கம் செய்து பழகிய வாய்க்குக் கதைகள் தாமாக வரும். ஆயினும் அவர் முகத்தைப் பார்த்தபோது, எளிதாக வரும் கதை இவருக்குப் போதாது என்று தோன்றிற்று. "ஆராய்ந்து எழுதுகிறேன், தம்பி" என்று சொல்லி அனுப்பினேன். இக்கட்டுரை அந்தக் கடன்.

எளிதாக வரும் கதை எது எனில், சம்யுத்த நிகாயத்தில் வரும் பாரத்துவாசன் கதையாகும். அவனுடைய குலத்தான் ஒருவன் பகவனிடம் சென்று துறவு பூண்டான். அதைக் கேள்வியுற்ற பாரத்துவாசன் வெகுண்டு, இராசகிருகத்து வேணுவனத்திற்கு வந்து வாய்க்கு வந்தபடி ஏசினான். பகவன் அமைதியாகக் கேட்டிருந்து, "உன் வீட்டுக்கு உறவினர் வருவதுண்டோ? அவர்க்கு நீ உணவு படைப்பதுண்டோ? அவர் உண்ணாது விட்டால் அவ்வுணவு யாரைச் சேரும்?" என வினவினார். "எனக்கே சேரும்" என்றான் அவன். "அவ்வாறே நீ கொண்டுவந்த ஏச்சை நான் பெற்றுக்கொள்ளவில்லை, அது உனக்கே உரியது" என்றார் பகவன்.

இதில் நம்மவர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு. அந்தப் பிராமணன் கோபங் கொண்டது பகவன் அவனுக்குத் தீங்கு செய்ததால் அன்று. தன்னைச் சேர்ந்தவன் ஒருவன் மார்க்கம் மாறியதால். மதம் மாறியவனைக் கண்டு எரிச்சலுறும் நோய் நேற்றுப் பிறந்ததன்று. நாகபுரிக்கு விடுப்புக் கேட்டதனால் ஒருவர் ஏசப்படுகிறார் எனில், அவர் பழைமையான வரிசை ஒன்றில் நிற்கிறார் என்று கொள்ளலாம்.

நிற்க. இக்கதையை நான் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் உள்ளத்தின் ஒரு மூலையில் ஓர் உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. அதை இன்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பகவனிடம் திருவோடு இருந்தது. பாரத்துவாசன் கையில் வருகைப் பதிவேடு இல்லை. ஏசிவிட்டு அவன் போயிருந்தால் பகவனுக்கு ஒரு வேளைப் பிச்சையும் குறைந்திராது. நம் இளைஞருக்கோ மாதச் சம்பளம் அந்த ஏசும் வாயின் வழியாகவே வருகிறது. அவர் கொண்டுவந்த சோற்றை உண்ண மறுக்கலாம்; அவர் தரும் வேலையை மறுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே விருந்துணவு உவமையை மட்டும் கையில் கொடுத்து ஒரு கூலியாளை அனுப்புவது, நீந்தத் தெரியாதவனிடம் ஆற்றின் அழகைப் பேசுவதாகும்.

கூலியாளின் நிலையை அறிந்து பேசும் கதை நம் நூல்களில் இல்லையா? இருக்கிறது. மஜ்ஜிம நிகாயத்தில், வாளரம் பற்றிய உவமை வரும் அதே சூத்திரத்தில், அதற்கு முன்னே வருகிறது. ஏனோ பிரசங்கிகள் வாளரத்துக்கு ஓடிவிடுகின்றனர். காளியைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

சாவத்தியில் வேதேகிகை என்னும் சீமாட்டி இருந்தாள். மென்மையானவள், அடக்கமுடையவள், சாந்தமே உருவானவள் என்று ஊரெல்லாம் அவள் புகழ் பரவியிருந்தது. அவளிடம் காளி என்னும் அடிமைப் பெண் வேலை செய்தாள். காளி திறமைசாலி, சோம்பலற்றவள். ஒரு நாள் அவள் எண்ணினாள்: "என் எசமானிக்கு உண்மையிலேயே கோபம் இல்லையா? அல்லது நான் வேலையைக் குறைவறச் செய்வதால் அவள் கோபம் வெளிப்படாமல் இருக்கிறதா? சோதித்துப் பார்ப்போம்." மறுநாள் விடிந்தபின் எழுந்தாள், எசமானி முகஞ் சுளித்தாள். அதற்கு மறுநாள் இன்னும் தாமதித்தாள், சுடுசொல் பிறந்தது. மூன்றாம் நாள் இன்னும் தாமதித்தாள். சாந்த சொரூபியான வேதேகிகை கதவின் தாழ்க்கோலை எடுத்துக் காளியின் தலையில் அடித்தாள். மண்டை உடைந்தது. காளி இரத்தம் வழிய அண்டை வீட்டாரிடம் சென்று, "பாருங்கள், சாந்தமான அம்மையின் செயலை!" என்றாள். வேதேகிகையின் புகழ் அன்றோடு போயிற்று.

பகவன் இதைச் சொன்னது பிக்குகளுக்குப் பொறுமையைப் போதிக்கவே. இனிய சொல் கேட்கும் வரை எவனும் சாந்தன்தான். கொடுஞ்சொல் வந்து தீண்டும்போது தெரிவதே சாந்தம். இது வெளிப்படையான கருத்து. நான் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பண்டிதர் செய்யும் உரையைச் செய்ய எனக்கு உரிமையில்லை. ஆயினும் இக்கதையைப் பலமுறை படித்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பொறுமைப் பரீட்சைக்கு உட்படுத்தப்பட்டவள் எசமானி; பரீட்சை செய்தவள் அடிமை. பொறுமை என்றால் கீழே உள்ளவன் மேலே உள்ளவனுக்குச் செலுத்த வேண்டிய வரி என்று உலகம் எண்ணிக்கொண்டிருக்கிறது. பகவன் சொன்ன கதையிலோ அந்தக் கடன் மேலே உள்ளவளிடமிருந்து கேட்கப்படுகிறது. அதுமட்டுமன்று. காளி அடி வாங்கியபின் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஒடுங்கவில்லை. தெருவுக்கு வந்து அயலாருக்குக் காட்டினாள். அவ்வாறு காட்டியது பிழை என்று அந்தச் சூத்திரத்தில் ஒரு சொல் இல்லை.

வாளரத்தின் உவமைக்கும் இங்கேயே வருவோம். கொள்ளையர் இருபுறமும் பிடியுள்ள வாளரத்தால் அங்கம் அங்கமாய் அறுத்தாலும், அப்போது மனத்தில் பகை கொள்பவன் தம் போதனையைப் பின்பற்றுபவன் அல்லன் என்றார் பகவன். பகை கொள்ளாதே என்றார். கையைக் கொடுத்துக்கொண்டிரு என்று சொன்னாரில்லை. அறுக்கும் அரத்தைத் தட்டிவிடுவதற்குப் பகை தேவையில்லை. இந்த வேறுபாட்டை அறியாது நான் வாழ்ந்த சில ஆண்டுகளின் விலையை வேறொருவர் கொடுத்தார். அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதுவது யோக்கியமாகாது.

நான் 1989-ஆம் ஆண்டு பம்பாய்ப் பஞ்சாலை ஒன்றில் பதலியாகச் சேர்ந்தேன். 1982-ஆம் ஆண்டு ஜனவரியில் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தம் தோற்று, ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டு வந்த காலம் அது. பதலி என்றால் நிரந்தர வேலையாள் வராத நாளில் மட்டும் வேலை பெறுபவன். காலையில் வாயிலில் நிற்க வேண்டும். ஜாபர் எவனைச் சுட்டுகிறாரோ அவனுக்கு அன்று சோறு. எங்கள் கார்டிங் பகுதியின் ஜாபர் கடுமையானவர். சூது வாது தெரிந்தவர். உற்பத்திக் கணக்கு ஒன்றே அவருக்குக் கண்.

கார்டிங் எந்திரத்தின் பெரிய உருளை எத்தனை கனமுடையது என்பது அதில் வேலை செய்தவர்க்குத் தெரியும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அது தன் வேகத்திலேயே நெடுநேரம் சுழன்றுகொண்டிருக்கும். அதன் மேற்பரப்பு முழுவதும் ஊசி முனை போன்ற பற்கள். பஞ்சு அடைத்துக்கொண்டால் உருளை முற்றும் நின்றபின் மூடியைத் திறந்து எடுக்க வேண்டும். இயங்கும் எந்திரத்தின் ஆபத்தான பகுதிகளை மூடிக் காக்க வேண்டும் என்று அன்றிருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் கூறிற்று. ஆனால் நிற்கும் வரை காத்திருந்தால் சில நிமிட உற்பத்தி போகும். எங்கள் ஜாபர் காத்திருக்க விடமாட்டார். "கை பயப்படுகிறதா? உங்கள் சாதிக்கு எதற்கடா பயம்?" என்பார்.

மூன்றாண்டுகள் நான் சுழலும் உருளைக்குள் கைவிட்டேன். ஏச்சைக் கேட்டுக்கொண்டேன். அக்காலத்தில்தான் ஞாயிறு தோறும் விகாரைக்குச் செல்லத் தொடங்கியிருந்தேன். பாரத்துவாசன் கதையை அங்கே கேட்டு, "நான் ஏச்சைப் பெற்றுக்கொள்வதில்லை" என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. உடன் வேலை செய்தோர் என்னைச் சாது என்றனர். 1993-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், கிராமத்திலிருந்து வந்து பதினைந்து நாளே ஆகியிருந்த ஒரு பதலிப் பையன், நான் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத் தானும் செய்தான். வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

ஜாபர் கட்டளையிட்டார், உண்மை. ஆனால் அந்தப் பையன் கற்றது என்னிடம். "அண்ணன் செய்கிறாரே" என்றுதான் அவன் செய்தான். நான் பொறுமை என்று பெயரிட்டு வைத்திருந்தது என்ன என்பதை அன்று இரவு படுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். மறுநாள் வாயிலில் என்னைச் சுட்டாமல் விட்டுவிடுவாரோ என்ற அச்சம், வேறொன்றுமன்று. பொறுமையாக இருந்தால் அது என் வலியோடு நின்றிருக்கும். அச்சமாக இருந்தபடியால் அடுத்தவன் கைக்குப் போயிற்று.

இதிலிருந்து ஓர் அளவுகோலை நான் எனக்காக வைத்துக்கொண்டேன். நான் வாய் மூடியிருப்பதனால் வருந் துன்பம் என் ஒருவனோடு நிற்கிறதா, அல்லது எனக்குப் பின்னால் நிற்பவன் மீதும் விழுகிறதா? என்மீது மட்டும் விழும் சுடுசொல்லைப் பெற்றுக்கொள்ளாமல் விட எனக்கு உரிமை உண்டு. பின்னால் நிற்பவனுடைய துன்பத்தைப் பெற்றுக்கொள்ளவும் மறுக்கவும் நான் யார்?

அடுத்துச் செய்தது என்னவென்று வாசகர் கேட்பர். ஜாபரை அடிக்க வேண்டும் என்று சிலர் கொதித்தனர். அடித்திருந்தால் இருவர் சிறைக்குச் சென்றிருப்பர். உருளை முன்போலவே சுழலும்போது திறக்கப்பட்டிருக்கும். விகாரையில் மராத்தியர் ஒருவர், வயதான பெரியவர், எனக்கு அபய ராஜகுமாரன் கதையைச் சொன்னார். இனிமையற்ற சொல்லைப் புத்தர் சொல்வாரா என்று மடக்க வந்தவன் அபயன். அவன் மடியில் குழந்தை ஒன்று இருந்தது. இக்குழந்தை கல்லையோ குச்சியையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று பகவன் கேட்டார். இரத்தம் வந்தாலும் விரலை விட்டு எடுப்பேன், குழந்தைமேல் எனக்கு இரக்கம் உண்டு என்றான் அபயன். அதுபோலவே உண்மையானதும் பயன் உடையதுமான சொல் இனிமையற்றதாயினும், காலமறிந்து ததாகதர் சொல்வார் என்றார் பகவன்.

இங்கே "காலமறிந்து" என்பது பெரிய சொல். பிறனைக் கண்டிக்கப் புகும் பிக்கு ஐந்தைத் தன்னுள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அங்குத்தர நிகாயம் கூறுகிறது: தக்க காலத்தில் பேசுவேன், உள்ளதைப் பேசுவேன், மென்மையாகப் பேசுவேன், பயன்படப் பேசுவேன், அன்புள்ளத்தோடு பேசுவேன். ஐந்தாவது எனக்கு அன்று வரவில்லை, உள்ளதை ஒப்புக்கொள்கிறேன். மற்ற நான்கையும் முயன்றேன். மூன்று பேர் சேர்ந்து சென்றோம், தனியே செல்லவில்லை. எல்லோர் முன்னிலையிலும் அன்றி, தேநீர் வேளையில் அவர் தனித்திருந்தபோது சென்றோம். பையனின் விரலைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. அது அவருக்கே தெரியும். "இனி உருளை நின்றபின்தான் மூடியைத் திறப்போம். உற்பத்தி குறைந்தால் எங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்" என்றோம். அவ்வளவே.

அவர் ஏசினார். அடுத்த ஆறு வாரங்களில் எனக்குப் பத்து நாள் வேலைகூடக் கிடைக்கவில்லை. மனைவியின் தாலிச் சரடு அடகுக்குப் போயிற்று. ஆனால் மற்றப் பதலிகளும் ஒருவர் பின் ஒருவராக நின்றபின் திறக்கத் தொடங்கினர். எல்லோரையும் வாயிலில் நிறுத்திவிட்டு அவரால் எந்திரம் ஓட்ட இயலாது. ஜாபர் நல்லவராக மாறினார் என்று சொன்னால் கதைக்கு அழகாயிருக்கும். மாறவில்லை. ஓய்வு பெறும் நாள் வரை அவர் அதே வாயோடுதான் இருந்தார். உருளை நின்றபின் மூடி திறக்கப்பட்டது.

பாபாசாகேப் வேறு வழியில் நம்மை அழைத்தார் என்று எண்ணுவோர் பம்பாய்ப் பஞ்சாலைகளின் சரித்திரத்தைச் சிறிது பார்க்க வேண்டும். அக்காலத்தில் நெசவுப் பகுதியில் கூலி அதிகம். அப்பகுதிக்குள் தீண்டப்படாதார் எனப்பட்டவர்கள் சேர்க்கப்படவில்லை. காரணம் யாதெனில், நாடாவில் நூலைக் கோக்கும்போது வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தது. ஒருவர் வாய்வைத்த நாடாவில் மற்றவர் வாய்வைக்க நேரும். மற்றத் தொழிலாளர்கள் இதற்கு ஒவ்வவில்லை. கவனியுங்கள்: இதில் தடையாய் நின்றவர் தோளோடு தோள் நின்று வேலை செய்யும் தொழிலாளித் தோழர்களே. தொழிலிடத்துத் தொல்லை மேலேயிருந்து மட்டும் வருவதில்லை. 1928-ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இக்குறையைத் தொழிற்சங்கத் தலைவர்களின் முன் வைத்து, நெசவுப் பகுதியை எல்லோருக்கும் திறக்கும்படி கேட்டார். அவர் எவரையும் ஏசவில்லை. ஒற்றுமை எல்லோருக்கும் வேண்டியிருந்த நேரத்தில், ஒற்றுமைக்குள்ளே இருக்கும் விரிசலைச் சுட்டிக் காட்டினார். காலமறிந்து பேசுவது என்று பகவன் சொன்னது இதுவல்லாமல் வேறென்ன? இரண்டு தகப்பன்மார் இரண்டு வழி காட்டுவதாக நம் இளைஞர் எண்ணியது, நாங்கள் பிரசங்கம் செய்த முறையின் குற்றம்.

சட்டத்தைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். நம்மவரில் பலர், பௌத்தராகிவிட்டபடியால் தமக்குப் பாதுகாப்பு இல்லை என்று எண்ணிக்கொண்டிருக்கின்றனர். 1990-ஆம் ஆண்டில் அட்டவணைச் சாதியினர் ஆணை திருத்தப்பட்டபின், பௌத்தம் தழுவிய அட்டவணைச் சாதியினரும் அந்நிலையை இழப்பதில்லை. பிறர் காண உள்ள இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதை 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. பெண் தொழிலாளருக்கு நேரும் பாலியல் தொல்லைக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு; பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் விசாரணைக் குழு இருக்க வேண்டும்; முறையீட்டை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இவற்றை நாடுவது தம்மத்துக்கு விரோதம் என்று சொல்வோர் காளியின் கதையை மீண்டும் படிக்கக் கடவர். தெரிந்த வழக்கறிஞரைக் கேட்டபின் செல்வது நன்று. தேதி, வேளை, சொன்ன சொல், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றை அன்றன்றே எழுதி வைக்காதவனுக்கு எந்தச் சட்டமும் உதவாது.

இன்னொரு தவறான ஆறுதலையும் விலக்க வேண்டும். "முற்பிறப்பின் வினை, அதனால் ஏச்சுக் கேட்கிறாய்" என்று சொல்வோர் நம் கூட்டங்களிலும் உளர். பழைய வீட்டை விட்டு வரும்போது கட்டிக்கொண்டு வந்த மூட்டை அது. பகை தீர்க்கும் வழிகளைக் கூறுமிடத்தில் பகவன் வினையைப் பற்றிப் பேசியது உண்மையே. ஆனால் எவனுடைய வினையை? ஏசுபவனுடைய வினையை. அவன் செய்வதற்கு அவனே வாரிசு என்று எண்ணிப் பகையை விடு என்றார். ஏசப்பட்டவன் தலையில் அதைத் திருப்பிக் கட்டியது பிற்காலத்தவர் வேலை.

இனி, பகை கொள்ளாமல் எதிர்த்து நிற்பது எங்ஙனம்? கடினமான பகுதி இதுதான். சாரிபுத்தர் இதற்குச் சொன்ன உவமைகள் அங்குத்தர நிகாயத்தில் உள்ளன. அவற்றுள் இரண்டு எனக்கு மிகவும் உதவின. செயல் நன்றாயிருந்து சொல் மட்டும் கெட்டவனைக் காணும்போது, பாசி மூடிய குளத்தை நினை. தாகமுற்றவன் பாசியைக் கைகளால் விலக்கிவிட்டு நீரைக் குடிக்கிறான். எங்கள் ஆலையில் கம்மியர் ஒருவர் இருந்தார். அவர் வாயில் வராத கெட்ட வார்த்தை இல்லை. ஆனால் எந்தப் பதலி கேட்டாலும் தொழிலை ஒளிக்காமல் கற்றுக்கொடுப்பார். நான் அறிந்த வேலையில் பாதி அவர் கொடுத்தது. பாசிக்கு அஞ்சியிருந்தால் தாகத்தோடு திரும்பியிருப்பேன்.

சொல்லும் கெட்டு, செயலும் கெட்டு, உள்ளத்திலும் தெளிவற்றவனைக் காணும்போது, நெடுவழியில் நோயுற்று விழுந்துகிடக்கும் வழிப்போக்கனை நினை என்றார். முன்னேயுள்ள ஊரும் தொலைவு. பின்னேயுள்ள ஊரும் தொலைவு. மருந்தில்லை, உணவில்லை, துணையில்லை. அவனைக் கண்டால் இரக்கமே தோன்றும். எங்கள் ஜாபரை அப்படிப் பார்க்க எனக்கு ஆண்டுகள் பல ஆயின. அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார். அவர் கணக்குக் கேட்டார். மூடப்போகும் ஆலையில் தன் வேலை எத்தனை மாதம் என்று ஜாபருக்கும் தெரியாது. இதை எண்ணும்போது அவர் செய்தது சரியாகிவிடவில்லை. இரவில் எனக்கு உறக்கம் வந்தது. நோயாளிக்கு இரங்குபவன் நோயைத் தொற்ற விடுவதில்லை. பிறருக்குத் தொற்றாமல் தடுக்கவும் செய்கிறான்.

கடைசியாக என் கணக்கையும் வைத்துவிடுகிறேன். ஆலை மூடுவதற்கு முன் நான்காண்டுகள் நானும் ஆட்களை வேலை வாங்கும் இடத்தில் இருந்தேன். அப்போது விகாரையில் பேசவும் தொடங்கியிருந்தேன். சிகாலனுக்குப் பகவன் சொன்ன எசமானர் கடமைகள் ஐந்தும் எனக்கு மனப்பாடம்: வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் கூலியும் தருதல், நோயில் பேணுதல், அரிய பண்டத்தைப் பகிர்தல், உரிய வேளையில் ஓய்வு தருதல். பதலி ஒருவன் மூன்று நாள் தொடர்ந்து தாமதமாக வந்தான். மூன்றாம் நாள் பத்துப் பேர் நடுவில் அவனை நான் ஏசிய ஏச்சு, எங்கள் பழைய ஜாபரின் வாயிலிருந்து அப்படியே வந்தது, சொல்கூட மாறவில்லை. அவன் தலைகுனிந்து நின்று, "ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேச்சைக் கேட்க வந்திருந்தேன், ஐயா" என்றான். அவன் தாய் மருத்துவமனையில் கிடந்தது பின்னர்த் தெரிந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் தனியே கேட்டேன். பத்துப் பேர் நடுவில் ஏசியதற்குப் பத்துப் பேர் நடுவில் கேட்டிருக்க வேண்டும். தாழ்க்கோல் எல்லோர் வீட்டுக் கதவிலும் இருக்கிறது.

நம் இளைஞர் இதை எழுதி முடிப்பதற்குள் இருமுறை வந்துபோனார். குறிப்பேடு ஒன்று வைத்து எழுதும்படி முதன்முறை சொல்லியிருந்தேன். குழுவிலுள்ள இருவர் கையொப்பமிட, கழிப்பறை முறையை எட்டுப் பேருக்கும் பகிரும்படி ஒப்பந்தக்காரருக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். முறை பகிரப்பட்டுவிட்டது. ஏச்சு நிற்கவில்லை, அதற்கு வழக்கறிஞரைக் காணப் போகிறார். இரண்டாம் முறை வந்தபோது குறிப்பேட்டைக் காட்டினார். தேதி வாரியாக ஏச்சுகள் எழுதியிருந்தன. இடையே ஒரு பக்கத்தில், ஜூலை மாதப் பெருமழையில் இரயில் நின்றுபோன இரவு, வீடு செல்ல இயலாத நால்வருக்கு மேற்பார்வையாளர் தம் பணத்தில் உணவு வாங்கிக் கொடுத்தார் என்றும், அந்நால்வரில் தாமும் ஒருவர் என்றும் எழுதியிருந்தது. இது வழக்குக்கு உதவாதே, ஏன் எழுதினாய் என்று கேட்டேன். "நடந்தது, ஐயா, அதனால் எழுதினேன்" என்றார்.